மிளகுத் தோட்டத்து மாளிகை பிழைத்த கதை

பினாங்கு என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தைப்பூசம். தண்ணீர்மலை, வெள்ளி ரதம், சாலையெங்கும் உடையும் தேங்காய். அதற்கடுத்து கொடிமலை ரயில், பாம்புக் கோவில், ஆயர் ஈத்தாம் புத்தர் கோவில். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் போட்டுக் கொடுக்கிறோம்.

இந்த வரிசையில் சேர்க்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. ஜார்ஜ் டவுன் நகரிலிருந்து டத்தோ கிராமாட் சாலை வழியாக ஆயர் ஈத்தாமுக்குப் போகிற வாகனம் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். பாடாங் பிரவுன் திடலைத் தாண்டி, டத்தோ கிராமாட் சாலை முடிந்து ஆயர் ஈத்தாம் சாலை தொடங்கியபின், மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியை ஒட்டி, ஆற்றங்கரையில் நிற்கிறது ஒரு பழைய மாளிகை. அதன் பெயர் சஃபோக் மாளிகை.

அரசர்களும் ஆளுநர்களும் விருந்துண்ட வீட்டுக்கும் பால்மரம் வெட்டிப் பிழைத்த நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்த வீடு நின்ற இடம் ஒரு தோட்டம். அதன் சுவரில் இருப்பது நம் பாட்டன் காலத்துத் தொழில். அது பாழாகிப் போனதிலும் பிழைத்து வந்ததிலும் நாம் படித்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

மிளகு விளைந்த மண்

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவில் கொடியேற்றினார் கேப்டன் பிரான்சிஸ் லைட். அவர் பிறந்தது இங்கிலாந்தின் சஃபோக் மாநிலத்தில். பினாங்கில் அவர் போட்ட மிளகுத் தோட்டத்திற்குத் தம் சொந்த ஊர்ப் பெயரையே வைத்தார். 1794-ல் லைட் இறந்தார். தோட்டம் பின்னர் வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் கைக்கு வந்தது. பிற்காலத்தில் பினாங்கின் ஆளுநராகவும் உயர்ந்தவர் இவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அந்தத் தோட்டத்தில் இரண்டு மாடிகொண்ட செங்கல் மாளிகை எழுந்தது.

ஆளுநர்கள் தங்கும் இல்லமாகவும் அது விளங்கியது. பின்னாளில் சிங்கப்பூரைத் தோற்றுவித்த ஸ்டாம்ஃபோர்ட் ராபில்ஸ் இளம் அதிகாரியாக 1805-ல் பினாங்கில்தான் வந்து இறங்கினார். அவரைப் போன்றவர்கள் கூடிப் பேசிய இடம் இது. ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் அந்நாளில் பினாங்குக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டினார். 1821-ல் அச்சான அந்தப் படங்களில் சஃபோக் மாளிகையும் ஒன்று. அப்போது அது எவ்வளவு பெரிய வீடாகப் போற்றப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ராபில்சோடு சேர்த்து நாம் நினைக்க வேண்டிய தமிழர் ஒருவரும் உண்டு. அவர் நாராயண பிள்ளை. பினாங்கில் அரசாங்க வேலையில் இருந்த அவர் 1819-ல் ராபில்ஸ் சென்ற கப்பலிலேயே சிங்கப்பூருக்குப் போனார். அங்கே அவர் தொடங்கிய தொழில் என்ன தெரியுமா? செங்கல் சூளை! சிங்கப்பூர் மாரியம்மன் கோவிலைத் தோற்றுவித்தவரும் அவரே. செங்கல்லும் சுண்ணாம்பும் அந்நாளில் நம்மவர் கைகளில் இருந்த தொழில் என்பதை மறக்கக்கூடாது.

வெயிலை வென்ற கட்டடம்

இந்த மாளிகையின் அமைப்பைப் பார்ப்போம். ஆங்கிலேயர்கள் தங்கள் அரசர்களின் பெயரால் கட்டடக்கலைக் காலங்களைக் குறிப்பது வழக்கம். 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயர்கொண்ட நால்வர் அடுத்தடுத்து ஆண்டதால் அக்காலத்துக் கட்டடங்களை ஜார்ஜியன் பாணி என்பர். 1837 முதல் 1901 வரை விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் எழுந்தவை விக்டோரியன் பாணி. சஃபோக் மாளிகை ஜார்ஜியன் பாணியைச் சேர்ந்தது. வீட்டின் நடுவே ஒரு கோடு கிழித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். பண்டைய கிரேக்க, ரோமானியக் கோவில்களைப் பார்த்துச் செய்த தூண்கள். அலங்காரம் குறைவு, அளவு மிகச் சரி.

ஆனால் இங்கிலாந்தில் குளிருக்காகக் கட்டிய வீட்டை அப்படியே பெயர்த்து வந்து பினாங்கு வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பவர் வெந்து போவார். அதற்கு வழி கண்டவை சென்னையும் கல்கத்தாவும். கம்பெனி அதிகாரிகள் கோட்டைக்கு வெளியே பெரிய தோப்புகளின் நடுவில் கட்டிக்கொண்ட வீடுகளைத் தோட்ட வீடுகள் என்றே அழைத்தனர். சென்னை அடையாற்றங்கரையில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பிராடி மாளிகை அவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் அதில் இசைக் கல்லூரி நடந்தது. அந்தச் சென்னை வீடுகளின் உடன்பிறப்புதான் பினாங்கின் சஃபோக் மாளிகை. இந்த வகைத் தோட்ட வீடு மலேசியாவில் எஞ்சி நிற்பது அரிது என்று கட்டடக்கலை அறிந்தவர்கள் இதைப் போற்றுவதும் அதனால்தான்.

வெயிலை வெல்ல அவர்கள் செய்தவை நான்கு.

முதலாவது, தாழ்வாரம். தூண்கள் வரிசையாய் நிற்க, அவற்றுக்குப் பின்னால் அகன்ற தாழ்வாரம். வெயிலும் மழைச்சாரலும் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். அறைச் சுவரில் நேரே வெயில் படாததால் உள்ளே குளுமை குறையாது.

இரண்டாவது, உயரம். மேல்தட்டு உயரமாக இருந்தால் சூடான காற்று மேலே ஏறிவிடும். மனிதர் புழங்கும் மட்டத்தில் வெப்பம் தெரியாது. குடும்பத்தார் புழங்குவதும் விருந்தினரை வரவேற்பதும் பெரும்பாலும் மேல்மாடியில்தான். சஃபோக் மாளிகையின் பெரிய நடன மண்டபமும் மேல்மாடியில்தான் இருக்கிறது. தரையின் ஈரம் எட்டாது, காற்றும் நன்றாக வரும்.

மூன்றாவது, சன்னல். கண்ணாடி மட்டுமே போட்டால் வெளிச்சத்தோடு சூடும் வரும். சாய்வாக அடுக்கிய மரப்பலகைச் சன்னல்கள் வெளிச்சத்தை வடிகட்டும், காற்றை மட்டும் உள்ளே விடும். மழையிலும் அவற்றைத் திறந்து வைக்கலாம்.

நான்காவது, மரங்களும் புல்வெளியும் ஆறும். வீட்டைச் சுற்றி மரநிழல் இருந்தால் உள்ளே வருமுன்பே காற்று குளிர்ந்துவிடும்.

மின்விசிறி இல்லாத அக்காலத்தில், பெரிய வீடுகளில் கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறியைக் கயிற்றால் இழுத்து அசைக்க ஆள் இருந்தார். பங்கா இழுப்பவர் என்று பெயர். விருந்துண்டவர்களுக்குக் காற்று வந்தது. கயிறு இழுத்தவருக்கு வியர்வை வந்தது. கட்டடத்தின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

இதையெல்லாம் படிக்கும்போது உங்களுக்கு நம் தோட்டத்துத் துரை பங்களா நினைவுக்கு வரவில்லையா? மேட்டின் மேல் நிற்கும் வீடு, முன்னால் வண்டி நிற்க ஒரு முகப்பு, சுற்றிலும் தாழ்வாரம், அகன்று இறங்கும் கூரை, பலகைச் சன்னல், பச்சைப் புல்வெளி. அதே சூத்திரந்தான்! சஃபோக் மாளிகை முன்னோடி என்றால் துரை பங்களாக்கள் அதன் பேரப்பிள்ளைகள். நடுவில் வந்த தலைமுறைதான் விக்டோரியா காலத்து வீடுகள். டத்தோ கிராமாட் பகுதியில், பொது மருத்துவமனையை அடுத்த ரெசிடென்சி சாலையில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கவுன்சிலருக்காக 1890-ல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. நாடு சுதந்திரம் பெற்றபின் அது ஸ்ரீ முத்தியாரா என்ற பெயரில் பினாங்கு ஆளுநரின் அதிகாரபூர்வ இல்லமாயிற்று. அதிகாரத்தின் வீடாகவே இருந்ததால் அதைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் பணமும் இருந்துகொண்டே இருந்தன. சஃபோக் மாளிகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெற்றிலைச் சுண்ணாம்பின் அண்ணன்

நம் பாட்டிமார்கள் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இம்மாளிகைச் சுவரில் பூசிய சுண்ணாம்பும் ஒரே குடும்பந்தான். கடற்சிப்பியையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் வைத்து 900 பாகைக்கு மேல் எரித்தால் அது சுட்ட சுண்ணாம்பாகிறது. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின் அது மெல்ல மெல்லக் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகிவிடுகிறது. கல்லாகப் பிறந்து, நெருப்பில் வெந்து, நீரில் கரைந்து, காற்றால் மீண்டும் கல்லாகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் இந்தச் சுண்ணாம்பைத் தனிக் கலையாகவே வளர்த்திருந்தனர். நைசாக அரைத்து, முட்டையின் வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து சலவைக்கல் போலப் பளபளக்கச் செய்வார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வெள்ளைக்காரர்கள் இதற்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தக் கலை இந்நாட்டுக்கும் வந்தது. சுதந்திரமாக வந்த தொழிலாளர் கொண்டு வந்தனர். விலங்கோடு வந்தவர்களும் கொண்டு வந்தனர். ஆம், இந்தியாவில் தண்டனை பெற்ற கைதிகளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கம்பெனி பினாங்குக்குக் கப்பலேற்றியது. சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் அவர்களைப் பயன்படுத்தியது. நீரிணைக் குடியேற்றங்களில் இந்த முறை 1873-ல் தான் முடிவுக்கு வந்தது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856-லிருந்து இந்தியக் கைதிகளே கட்டினார்கள். அதன் உட்சுவர்ப் பூச்சை எப்படிச் செய்தார்கள் என்பதை மேக்நேர் என்ற அதிகாரி 1899-ல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். மணல் கலக்காத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கருப்புச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் ஆகியவற்றை ஒன்றாக அடித்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்களாம். நம் வீட்டுச் சமையற்கட்டுப் பொருள்களே ஒரு தேவாலயத்தை மினுமினுக்க வைத்திருக்கின்றன!

வரலாற்றுப் புத்தகங்களில் வீட்டின் உரிமையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. சூளையில் நின்றவர், சாந்து அரைத்தவர், சாரம் ஏறியவர் பெயர்கள் அந்த வரிசையில் ஏறுவதில்லை. ஆனாலும் அவர்களுடைய கைத்திறன் சுவரில் இருக்கிறது. சுவர் போனால் அந்தச் சாட்சியும் போய்விடும். பழைய கட்டடங்கள் நமக்குத் தேவை என்பதற்கு என் முதல் காரணம் இதுதான்.

பள்ளிக்கூடமாகி, பாழாகி...

மிளகு விலை வீழ்ந்தது. ஆளுநர்கள் வேறு வீடு மாறினார்கள். மாளிகை கைமாறிக் கைமாறி லிம் செங் தெய்க் என்ற சீனச் செல்வரிடம் வந்து சேர்ந்தது. அவரிடமிருந்து 1928-ல் மெதடிஸ்ட் திருச்சபை அதை வாங்கியது. நடன மண்டபத்தில் பாடம் நடந்தது! தாழ்வாரத்தில் பள்ளி மணி ஒலித்தது. ஆளுநரின் வீடு பிள்ளைகளின் வீடானது என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இனிக்கத்தானே செய்யும்?

ஆனால் பழைய வீட்டுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. போருக்குப் பின் புதிய வகுப்பறைகள் எழுந்தன. மாளிகையில் சிற்றுண்டிச்சாலை முதலியவை நடந்தன. 1970-ஆம் ஆண்டுகளின் நடுவில், உள்ளே இருப்பது ஆபத்து என்று காலி செய்யப்பட்டது. அங்கிருந்துதான் உண்மையான அழிவு தொடங்கியது. ஆள் புழங்காத வீட்டில் ஓடு ஒன்று நழுவினால் கவனிக்க எவருமில்லை. ஓட்டை வழியே மழை வந்தது. மழை உத்திரத்தை நனைத்தது. நனைந்த மரத்தில் கறையான் ஏறியது. உத்திரம் உளுத்ததும் கூரை விழுந்தது. கூரை போனபின் சுவர் நேரே மழையில் நின்றது. வெடிப்பில் செடி முளைத்தது. வேர் செங்கல்லைப் பிளந்தது. தொடக்கத்தில் ஓர் ஓட்டை மாற்றச் செலவாகியிருக்கக் கூடியது சில காசுகள். முடிவில் தேவைப்பட்டதோ லட்சக்கணக்கான வெள்ளி.

இப்படி விழுந்தும் வீழாமலும் நின்றதே ஓர் அதிர்ஷ்டம் எனலாம். அதே பினாங்கில் நார்தாம் சாலையில் இருந்த மெட்ரோபோல் ஓட்டல் என்ற பழைய மாளிகை 1993-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அனுமதியின்றி இடித்துத் தள்ளப்பட்டது. விடிந்து பார்த்தவர்கள் கண்டது கல்லும் மண்ணுந்தான்.

உயிர் பெற்ற விதம்

சஃபோக் மாளிகையைக் காப்பாற்ற வேண்டும் என்று பினாங்கில் மரபுடைமை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் குரல் வந்தது. பிரான்சிஸ் லைட்டின் மகன் வில்லியம் லைட்தான் அடிலெய்ட் நகருக்கு இடம் தேர்ந்து வரைபடம் போட்டவர் என்பதால் அந்நகரத்தாருக்கு இந்த வீட்டின்மேல் தனிப் பாசம். 2000-ல் பினாங்கு மாநில அரசு வேறு நிலத்தை மாற்றாகக் கொடுத்து மாளிகையைத் தன் வசமாக்கியது. கட்டடக்கலைஞர் லாரன்ஸ் லோ தலைமையில் சீரமைப்பு நடந்தது. எச்.எஸ்.பி.சி. வங்கியும் பண உதவி செய்தது. 2007-ல் வேலை முடிந்தது. மறு ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது.

இத்தகைய சீரமைப்பில் முக்கியமான விதி ஒன்று உண்டு. பழைய சுவரில் சிமெண்டு பூசக்கூடாது! ஏன்? பழைய செங்கல் மென்மையானது. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தோடு உப்பும் மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் அதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்டுப் பூச்சு மூச்சு விடாது. ஈரமும் உப்பும் உள்ளே அகப்பட்டுக்கொண்டு செங்கல்லையே பொடிப்பொடியாக்கும். வெளியே பார்த்தால் சுவர் கெட்டியாகத் தெரியும். தட்டினால் உள்ளே பொள்ளல். பழைய சுவருக்குப் பழைய சுண்ணாம்பே மருந்து. ஆனால் அந்த மருந்தைக் கலக்கத் தெரிந்த கைகள் இப்போது அரிதாகிவிட்டன. நம் முன்னோர் இந்நாட்டுக்குக் கொண்டு வந்த ஒரு தொழில், நம் வீடுகளில் பேச்சுக்குக்கூட இல்லாமல் போனது எவ்வளவு பெரிய நட்டம்!

நமக்கும் காப்பதற்கு உண்டு

மாளிகைகள் மட்டுமே மரபு என்று நினைப்பது பிழை. ஒரு தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறும்போது என்னென்ன மறைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நூறாண்டுகண்ட மாரியம்மன் கோவில், பலகைச் சுவர்கொண்ட தமிழ்ப்பள்ளி, பிள்ளைமடுவம், லயத்து வீடுகள், பால் நிறுக்கும் கொட்டகை, எடுப்பு மணி. துரை பங்களாவைப் படமெடுத்து வைத்தவர் உண்டு. லயத்து வீட்டின் நீள அகலத்தை அளந்து வைத்தவர் உண்டா? பத்தடி அறைக்குள் எட்டுப் பேர் எப்படிப் படுத்தார்கள், அடுப்பு எங்கே இருந்தது, தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்பதெல்லாமும் கட்டடக்கலை வரலாறுதான். ஆளுநர் மாளிகை ஒருவர் எவ்வளவு வசதியாக வாழ்ந்தார் என்று சொல்லும். லயம் அந்த வசதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

சட்டமும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி ஓர் இடத்தையோ பொருளையோ தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி எவரும் பரிந்துரைக்கலாம். பினாங்கு மாநிலத்திற்கென 2011-ல் தனிச் சட்டமும் வந்தது. பரிந்துரைத்ததெல்லாம் ஏற்கப்படும் என்பதல்ல. ஆனால் கேட்பவர் கையில் ஆதாரம் வேண்டும்: எப்போது கட்டியது, யார் கட்டியது, எப்படி இருந்தது. ஆதாரமில்லாத கோரிக்கை கூரையில்லாத சுவர் போல. முதல் மழைக்கே கரைந்துவிடும்.

ஆகவே நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில. வீட்டிலிருக்கும் பழைய புகைப்படங்களின் பின்புறம் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் படத்தில் இருப்பவர்களையும் எழுதி வையுங்கள். தாத்தா பாட்டி உயிரோடிருக்கும்போதே கேட்டு, லயத்தின் படத்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோவில் திருப்பணி வரும்போது, பழைய சுவரை இடித்துப் பளபளக்கும் ஓடு பதிப்பதற்கு முன் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டி யோசனை கேளுங்கள். கோவில் செயலவைக்காரர்களுக்கு இது சிறு தாமதந்தான். ஆனால் இடித்ததைத் திரும்பப் பெற முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரையைப் பாருங்கள். பள்ளியாகட்டும் கோவிலாகட்டும், நழுவிய ஓட்டை அன்றே மாற்றுங்கள்.

அடுத்த முறை பிள்ளைகளோடு பினாங்குக்குப் போகும்போது டத்தோ கிராமாட் சாலையைத் தாண்டியதும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். ஆற்றங்கரையில் தெரியும் அந்தத் தூண்களைக் காட்டி, இது இன்ன ஆளுநரின் வீடு என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இந்தச் சுண்ணாம்பை அரைக்கத் தெரிந்தவர்கள் நம்மவர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.